12 எப்படி 4 ஆனது? இத்தாலியின் ‘தேசிய அணி’, 1948

தேர்தல் வந்தால் எல்லோரும் போடும் கூட்டல் ஒன்று உண்டு. போன தடவை இவர்களுக்கு 7 சதவீதம், அவர்களுக்கு 5 சதவீதம், கைகோத்தால் 12. கூட்டணிப் பேச்சு நடக்கும் எந்த நாட்டிலும் முதல் நாள் அலசல் இந்தக் கணக்கில்தான் தொடங்குகிறது.

இந்தக் கூட்டல் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதைக் காட்ட எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இத்தாலி. 1946 தேர்தலில் லிபரல் கட்சியை மையமாகக் கொண்ட பட்டியலுக்கு 6.8 சதவீதம் கிடைத்தது. ‘சாதாரண மனிதன்’ என்ற பெயரில் கிளம்பிய புதுக் கட்சிக்கு 5.3. இரண்டும் சேர்ந்தால் 12.1. இரண்டு வருடம் கழித்து, 1948 ஏப்ரலில், இரு கட்சிகளும் ‘தேசிய அணி’ என்ற பெயரில் சேர்ந்தே நின்றன. கிடைத்தது 3.8 சதவீதம். 574 இடங்கள் கொண்ட கீழவையில் 19 இடம். அடுத்த தேர்தல் வந்தபோது அந்த அணியே இல்லை.

இதற்குப் பொதுவாக இரண்டு விளக்கம் சொல்வார்கள். முசோலினியின் ஃபாசிச ஆட்சிக்குப் பிறகு இத்தாலியர்களுக்கு வலதுசாரி என்ற பேச்சே கசந்துவிட்டது என்பது ஒன்று. தலைவர்கள் அடித்துக்கொண்டார்கள் என்பது இன்னொன்று. இரண்டுமே போதாது. வலதுபக்கம் சாய்ந்த வாக்காளர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், 1948-இல் வாக்குச்சாவடிக்கும் போனார்கள். அவர்கள் ஏன் இந்த அணிக்குப் போடவில்லை என்பதுதான் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

எந்தக் கூட்டணியைச் சொல்கிறோம்?

தேர்தல் முடிந்த பிறகு ஆட்சி அமைக்கக் கட்சிகள் சேர்வது ஆட்சிக் கூட்டணி. அதில் வாக்காளரின் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. தேர்தலுக்கு முன்பே சேர்வது தேர்தல் கூட்டணி. அதிலும் இரண்டு விதம் உண்டு. கட்சிகள் தத்தம் சின்னத்தை வைத்துக்கொண்டே உடன்பாடு செய்துகொள்ளலாம். அல்லது எல்லோரும் தங்கள் சின்னத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஒரே பெயர், ஒரே சின்னம், ஒரே வேட்பாளர் பட்டியல் என்று நிற்கலாம். இதைப் பொதுப் பட்டியல் என்போம்.

1948-இன் தேசிய அணி ஒரு பொதுப் பட்டியல். தன் பழைய கட்சியை வாக்குச்சீட்டில் தேடிய லிபரல் வாக்காளருக்கு அது கிடைக்கவில்லை. சாதாரண மனிதன் கட்சிக்காரருக்கும் அதே கதிதான்.

இது ஏன் முக்கியம்? ஒரு தெருவில் ஒரு சைவ மெஸ், பக்கத்திலேயே ஒரு பிரியாணிக் கடை என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நூறு வாடிக்கையாளர்கள். வாடகை மிச்சம் என்று இரண்டு முதலாளிகளும் சேர்ந்து ஒரே பலகை மாட்டிவிட்டால் இருநூறு பேர் வந்துவிடுவார்களா? சைவம் சாப்பிட வந்தவர்களில் பலருக்கு உள்ளே நுழைந்ததும் வாசனையே ஒத்துவராது. பிரியாணிக்கு வந்தவருக்கு, இலைச் சாப்பாடு போடும் இடத்தில் நல்ல பிரியாணி கிடைக்குமா என்று சந்தேகம். எதிர்ப்பக்கம் எல்லாமே கிடைக்கிற பெரிய ஓட்டல் ஒன்று இருந்தால் இரண்டு தரப்பிலும் பாதிப் பேர் அங்கே போய்விடுவார்கள். சேர்ந்தவர்கள் முதலாளிகள். வாடிக்கையாளர்களை யாரும் கேட்கவில்லை.

1948 இத்தாலியில் அந்தப் பெரிய ஓட்டல், அன்றைய பிரதமர் அல்சிதே தெ காஸ்பரி தலைமையிலான கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி. அதற்கு வருமுன் இரண்டு முதலாளிகளையும் பார்த்துவிடலாம்.

‘சாதாரண மனிதன்’ யார்?

குலியெல்மோ ஜன்னீனி நேப்பிள்ஸ் பக்கத்துக்காரர். நாடகம் எழுதுவார், பத்திரிகையிலும் எழுதுவார். விமானப் படையில் இருந்த மகனை 1942-இல் இழந்தவர். 1944 டிசம்பர் 27-ஆம் தேதி ரோமில் ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். ‘லுவோமோ குவாலுங்குவே’ என்று பெயர். யாரோ ஒரு ஆள், சாதாரண மனிதன் என்று பொருள் கொள்ளலாம். அதன் தலைப்பிலேயே ஒரு படம் இருக்கும்: ஒரு சின்ன மனிதனைத் திருகு அச்சு ஒன்றில் வைத்துப் பிழிகிறார்கள், அவன் பையிலிருந்து காசு கொட்டுகிறது. ஜன்னீனி சொல்ல வந்தது முழுக்க அந்தப் படத்தில் இருந்தது. ஃபாசிஸ்டுகள் பிழிந்தார்கள், இப்போது ஃபாசிச எதிர்ப்பாளர்கள் பிழிகிறார்கள், நாங்கள் நிம்மதியாக வாழ விடுங்கள் என்பதுதான் அவருடைய கோரிக்கை.

அரசாங்கம் நடத்த அரசியல்வாதியே வேண்டாம், ஒரு நல்ல கணக்காளர் போதும் என்று அவர் எழுதினார். ஜனவரி 1-ஆம் தேதி பொறுப்பேற்று டிசம்பர் 31-ஆம் தேதி இறங்கிவிட வேண்டும், மறுபடி வரக் கூடாது. படித்தவர்கள் சிரித்தார்கள். பத்திரிகையோ சில மாதங்களிலேயே லட்சக்கணக்கில் விற்றது. போர் முடிந்த இத்தாலியில், குறிப்பாகத் தெற்கில், புது ஆட்சியாளர்கள்மீது எவ்வளவு எரிச்சல் இருந்தது என்பதற்கு அந்த விற்பனையே சாட்சி. ஃபாசிசக் காலத்து அரசு ஊழியர்களைக் களையெடுக்கும் நடவடிக்கை அப்போது நடந்துகொண்டிருந்தது. ஒரு சாதாரண குமாஸ்தாவுக்குக்கூட அடுத்து நம் பெயர் வருமோ என்ற பயம் இருந்தது. ஜன்னீனியின் வாசகர்களில் பெரும்பகுதி அந்தக் குமாஸ்தாக்கள், சிறு கடைக்காரர்கள், ஓய்வூதியக்காரர்கள்.

அந்தப் பத்திரிகையின் பெயரிலேயே அவர் தொடங்கிய கட்சி 1946 ஜூனில் அரசியல் நிர்ணய சபையில் 30 இடம் பிடித்தது. அந்த நவம்பரில் நடந்த நகராட்சித் தேர்தல்களில், ரோமிலும் தெற்கிலும், கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியே கவலைப்படும் அளவுக்கு வளர்ந்தது. அப்புறம் வந்த வேகத்திலேயே இறங்கியது. 1946-இல் வந்த பொதுமன்னிப்பால் களையெடுப்புப் பயம் தணிந்தது. 1947 மே மாதம் தெ காஸ்பரி கம்யூனிஸ்டுகளையும் சோஷலிஸ்டுகளையும் அரசிலிருந்து வெளியேற்றினார். ஜன்னீனியின் ஆதரவாளர்கள் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்ததே அதுதான். இதற்கிடையில் ஜன்னீனி கம்யூனிஸ்ட் தலைவர் பல்மீரோ டோலியாட்டியோடு இணக்கம் தேடிப் பார்த்தார். கம்யூனிஸ்ட் வந்துவிடுவானோ என்று பயந்து அவருக்கு வாக்களித்தவர்களால் அதைச் சீரணிக்க முடியவில்லை. கட்சியில் பிளவு, பணம் கொடுத்தவர்கள் விலகல் என்று 1947 முழுக்க ஓட்டை விழுந்துகொண்டே இருந்தது.

ஆக, கூட்டலில் நாம் போட்ட 5.3 என்ற எண் 1948-இல் உயிரோடு இல்லை. கூட்டணிக் கணக்கில் முதல் பிசகு இதுதான்: பழைய சதவீதத்தை இன்றைய கையிருப்பாக எடுத்துக்கொள்வது.

லிபரல்களும் அவர்களுக்குள் வந்த முடியாட்சிக்காரர்களும்

லிபரல் கட்சி நேர் எதிரான உலகம். தத்துவவாதி பெனெடெட்டோ குரோச்சே அதன் முகம். பொருளாதார அறிஞர் லூயிஜி எய்னாவ்டி இன்னொரு தூண். ஃபாசிசத்துக்கு முந்தைய இத்தாலியை ஆண்ட வர்க்கத்தின் கட்சி அது. தெற்கில் அதன் பலம் வக்கீல்கள், நிலக்கிழார்கள், முன்னாள் அமைச்சர்கள் போன்ற உள்ளூர்ப் பெரிய மனிதர்கள். ஜன்னீனி தொடக்கத்தில் இந்தக் கட்சியோடு சேரத்தான் விரும்பினார். குரோச்சே இசையவில்லை.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 1946 தேர்தலில் ‘சுதந்திர தேசிய அணி’ என்று இன்னொரு குறுகிய கால வலதுசாரிக் கூட்டணி இருந்தது. 1948-இன் தேசிய அணியோடு பலர் அதைச் சேர்த்துக் குழப்பிவிடுகிறார்கள். 1946 அணி, மன்னர் குடும்பத்தைக் காப்பாற்றச் சிறு கட்சிகள் சேர்ந்து போட்ட பட்டியல். அதற்கு 2.8 சதவீதமும் 16 இடமும் கிடைத்தன.

அந்த 2.8 என்ற எண்ணை இன்னொரு எண்ணோடு வைத்துப் பார்க்க வேண்டும். அதே ஜூன் 1946-இல், அதே வாக்குச்சாவடியில், இத்தாலியர்களுக்கு இன்னொரு சீட்டும் கொடுக்கப்பட்டது. முடியாட்சியா, குடியரசா என்ற பொதுவாக்கெடுப்பு அது. குடியரசு 54.3 சதவீதத்தோடு வென்றது. முடியாட்சிக்கு விழுந்தவை 1 கோடியே 7 லட்சம் வாக்குகள். ஆனால் முடியாட்சியையே கொள்கையாகக் கொண்ட அணிக்கு விழுந்தவை ஆறு லட்சத்துச் சொச்சம். ஒரே ஆள், ஒரே நாள், இரண்டு சீட்டு. ஒன்றில் மன்னருக்குப் போட்டுவிட்டு, இன்னொன்றில் பெரும்பாலானவர்கள் வேறு கட்சிகளுக்குப் போட்டிருக்கிறார்கள். கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி பொதுவாக்கெடுப்பில் தன் வாக்காளர்களை அவரவர் விருப்பத்துக்கு விட்டிருந்தது. அதனால் மன்னரை விரும்பிய கத்தோலிக்கர் தன் கட்சியை விட்டு நகர வேண்டிய அவசியமே வரவில்லை. ஒரு விஷயத்தில் ஒத்த கருத்து இருப்பதும் ஒரு கட்சிக்கு வாக்களிப்பதும் எவ்வளவு தூரம் விலகி நிற்க முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் தேர்தல் ஆவணம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

அந்த 1946 அணியிலிருந்து ஒரு பகுதி பிறகு லிபரல் கட்சிக்குள் வந்தது. அப்படி வந்தவர்களில் ஒருவர் ரொபேர்த்தோ லுச்சீஃபெரோ. 1947 கடைசியில் நடந்த கட்சி மாநாட்டில் அவர் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கட்சி சட்டென்று வலப்பக்கம் திரும்பியது. ஜன்னீனியோடு பொதுப் பட்டியல் போடலாம் என்ற முடிவு அந்தத் திருப்பத்தின் பலன். முதல் உலகப் போருக்குப் பிறகு பிரதமராக இருந்த பிரான்செஸ்கோ நிட்டியின் குழுவும் இதில் சேர்ந்தது. கட்சியின் இடது, நடு அணியைச் சேர்ந்த பலர் மனம் ஒப்பாமல் விலகி நின்றார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். ஒரு பக்கம் ஏற்கெனவே கரைந்துகொண்டிருந்த எதிர்ப்புக் கட்சி. இன்னொரு பக்கம் உள்ளேயே பிளவுபட்ட பழைய பெரிய மனிதர்களின் கட்சி. முந்தையதின் வாக்காளர், பிந்தையதன் தலைவர்களைத்தான் தன்னைப் பிழிகிறவர்கள் என்று நினைத்தவர். பிந்தையதின் வாக்காளர், ஜன்னீனியின் எழுத்தை நாகரிகமில்லாதது என்று ஒதுக்கியவர்.

விதிமுறை என்ன செய்தது?

இத்தாலியின் அன்றைய முறை விகிதாசாரப் பிரதிநிதித்துவம். ஒரு பட்டியலுக்கு எத்தனை சதவீத வாக்கோ, ஏறத்தாழ அத்தனை சதவீத இடம். தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி என்ற முறையில் இரண்டு சிறு கட்சிகள் சேர்ந்தால் தோற்கும் இடத்தை வெல்லும் இடமாக மாற்ற முடியும். கூட்டணிக்கு அங்கே ஒரு பரிசு இருக்கிறது. விகிதாசார முறையில் அந்தப் பரிசு மிகச் சிறியது. தனியாக நின்றாலும் உங்கள் பங்கு உங்களுக்கு வந்துவிடும். தொகுதிகளில் மிஞ்சும் வாக்குகளைத் தேசிய அளவில் திரட்டிப் பங்கிடும் ஏற்பாடும் இருந்ததால் சிறு கட்சிகள் அப்படியொன்றும் நசுங்கிவிடவில்லை. அந்த வருடம் தனியாக நின்ற நவஃபாசிசக் கட்சியான இத்தாலிய சமூக இயக்கம் 2.0 சதவீதத்துக்கு 6 இடம் வாங்கியது. முடியாட்சிக் கட்சி 2.8 சதவீதத்துக்கு 14 இடம் வாங்கியது.

அப்படியானால் ஏன் சேர்ந்தார்கள்? பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. கம்யூனிஸ்டுகளும் சோஷலிஸ்டுகளும் சேர்ந்து ‘ஜனநாயக மக்கள் முன்னணி’ என்று, இத்தாலியை ஒன்றிணைத்த வீரர் கரிபால்டியின் படம் போட்ட சின்னத்தோடு நின்றார்கள். எதிரே தெ காஸ்பரி. இரண்டு மலைகளுக்கு நடுவே தனித்தனியாக நின்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்ற பயம் லுச்சீஃபெரோவுக்கும் ஜன்னீனிக்கும் பொது.

விதிமுறையில் இன்னொரு சூட்சுமமும் இருந்தது. அதைப் பலர் கவனிப்பதில்லை. வாக்காளர் பட்டியலைத் தேர்ந்தெடுத்த பிறகு, அதற்குள் தனக்குப் பிடித்த மூன்று நான்கு வேட்பாளர்களையும் குறிக்கலாம். இது விருப்ப வாக்கு. பட்டியலுக்கு எத்தனை இடம் என்பதை மொத்த வாக்கு தீர்மானிக்கும். அந்த இடங்களில் யார் உட்காருவார் என்பதை விருப்ப வாக்கு தீர்மானிக்கும். ஆக, ஒரே பட்டியலில் இருக்கும் லிபரலும் ஜன்னீனியின் ஆளும் உள்ளுக்குள் போட்டியாளர்கள். ஊரில் வேரூன்றிய வக்கீலுக்கு இந்த முறை சாதகம். நேற்று முளைத்த கட்சியின் வேட்பாளருக்குப் பாதகம். ஜன்னீனிக்காகப் பட்டியலுக்குப் போட்ட வாக்கு, ஜன்னீனி வெறுத்த மாதிரியான ஒரு பழைய அரசியல்வாதியை உள்ளே அனுப்பக்கூடும். கொஞ்சம் யோசித்துப் பார்த்த ஆதரவாளருக்கு இது புரிந்திருக்கும்.

ஏப்ரல் 18: பயம் போட்ட வாக்கு

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் அந்த வருடத்தின் சூழ்நிலை. 1948 பிப்ரவரியில் செக்கோஸ்லோவாகியாவில் கம்யூனிஸ்டுகள் முழு அதிகாரத்தையும் கைப்பற்றினார்கள். இத்தாலியில் தேர்தலுக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. மக்கள் முன்னணி ஜெயித்தால், போரில் சிதைந்த ஐரோப்பாவுக்குத் தான் தரும் மார்ஷல் திட்ட உதவி கிடைக்காது என்று அமெரிக்கா வெளிப்படையாகச் சொன்னது. அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர்கள் சொந்த ஊருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார்கள். திருச்சபை முழுப் பலத்தோடு இறங்கியது. லூயிஜி ஜெத்தா தலைமையில் ‘குடிமக்கள் குழுக்கள்’ ஒவ்வொரு தேவாலய வட்டாரத்திலும் வேலை செய்தன. அன்றைய முழக்கம் ஒன்று: ‘வாக்குச்சாவடியின் மறைவில் கடவுள் உன்னைப் பார்க்கிறார், ஸ்டாலின் பார்க்கவில்லை.’

இப்படிப்பட்ட தேர்தலில் வலதுசாரி வாக்காளர் என்ன யோசிப்பார்? ‘எனக்கு எந்தக் கட்சி ரொம்பப் பிடிக்கும்’ என்று யோசிக்க மாட்டார். ‘கம்யூனிஸ்டை யாரால் தடுக்க முடியும்’ என்றுதான் யோசிப்பார். பிடித்த சிறு கட்சியை விட்டுவிட்டு, பயப்படும் எதிரியைத் தோற்கடிக்க வல்ல பெரிய கட்சிக்குப் போடுவதைத் தடுப்பு வாக்கு என்று சொல்லலாம். 92 சதவீதத்துக்கும் மேல் வாக்குப் பதிவான அந்தத் தேர்தலில் தடுப்பு வாக்கு அலையாக அடித்தது. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி 35.2-இலிருந்து 48.5-க்கு ஏறியது. மக்கள் முன்னணிக்கு 31.

இந்த அலை வலதுசாரிகளை மட்டும் அடித்துப்போகவில்லை. தெ காஸ்பரியின் அரசிலேயே பங்கு வகித்த குடியரசுக் கட்சிகூட 4.4-இலிருந்து 2.5-க்கு இறங்கியது. இன்னும் ஒன்று. லிபரல்களின் மதிப்பு மிகுந்த தலைவரான எய்னாவ்டி 1947-இலிருந்தே தெ காஸ்பரி அரசில் துணைப் பிரதமராகவும் வரவு செலவுத் திட்ட அமைச்சராகவும் இருந்து, சரிந்துகொண்டிருந்த இத்தாலிய நாணயமான லிராவை நிலைநிறுத்தியிருந்தார். அவருடைய கொள்கை பிடித்த ஒருவர் அதைத் தொடரவைக்க லிபரல் பட்டியலைத் தேட வேண்டியதில்லை, தெ காஸ்பரிக்குப் போட்டாலே போதும். தேசிய அணி தோற்ற மூன்று வாரத்தில், மே 11-ஆம் தேதி, எய்னாவ்டி குடியரசுத் தலைவராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நியாயமாக ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 1946-இன் 6.8 சதவீதம் லிபரல் கட்சிக்கு மட்டும் விழுந்ததல்ல. அந்தப் பட்டியலில் லிபரல் அல்லாத பழைய தலைவர்களின் குழுக்களும் இருந்தன. எனவே 12.1 என்பதே கொஞ்சம் ஊதிய எண். அதைக் கழித்தாலும் விழுந்த பள்ளம் பெரியதுதான்.

அப்புறம் என்ன ஆனது?

அணி உடனே கலைந்தது. லுச்சீஃபெரோ செயலாளர் பதவியை விட்டார். கட்சி புரூனோ வில்லபுரூனா தலைமையில் நடுப்பாதைக்குத் திரும்பியது. ஜன்னீனியின் கட்சி ஓரிரு வருடத்தில் பெயரளவுக்குக்கூட மிஞ்சவில்லை. அவர் 1960-இல் இறந்தார்.

1953-இல் லிபரல்கள் வேறு வகைக் கூட்டணியை முயன்றார்கள். தெ காஸ்பரி கொண்டுவந்த புதுச் சட்டப்படி, கட்சிகள் தனித்தனிச் சின்னத்தோடு நின்று தங்களை இணைப்பட்டியல்களாக அறிவிக்கலாம். மொத்த வாக்கு பாதியைத் தாண்டினால் அவற்றுக்குக் கீழவையில் 65 சதவீத இடம். எதிர்க்கட்சிகள் இதை மோசடிச் சட்டம் என்றார்கள். இணைப்பட்டியல்களுக்குக் கிடைத்தது 49.8 சதவீதம். ஐம்பதாயிரத்துச் சொச்சம் வாக்கில் பரிசு கைநழுவியது. அதே தேர்தலில், 1948-இன் பயம் தணிந்த தெற்கில், வலதுசாரி வாக்காளர்கள் வெளியே வந்தார்கள்: முடியாட்சிக் கட்சிக்கு 6.9, இத்தாலிய சமூக இயக்கத்துக்கு 5.8. ஐந்து வருடம் தெ காஸ்பரியின் கூரைக்கு அடியில் நின்றவர்கள் இவர்களில் நிறையப் பேர் என்பது என் கணிப்பு. லிபரல்களுக்கு 3.0.

அந்த லிபரல் கட்சி 1963-இல், யாரோடும் சேராமல், 7.0 சதவீதம் வாங்கியது. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி சோஷலிஸ்டுகளோடு நெருங்கிக்கொண்டிருந்த சமயம் அது. அதைப் பொறுக்காத நடுத்தர வர்க்கத்துக்கு அப்போதைய தலைவர் மலகோதியின் லிபரல் கட்சி தெளிவான ஒரு முகவரியாகத் தெரிந்தது. தனியாக நின்று வாங்கிய 7, சேர்ந்து நின்று வாங்கிய 3.8-ஐவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு.

கூட்டணி எப்போதுமே நஷ்டம் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட வேண்டாம். 1968-இல் இத்தாலிய சமூக இயக்கமும் முடியாட்சிக்காரர்களும் தனித்தனியே வாங்கியதைக் கூட்டினால் 6 சதவீதத்தைக்கூடத் தொடாது. 1972-இல் இருவரும் ‘தேசிய வலது’ என்று ஒரே பட்டியலில் நின்று 8.7 வாங்கினார்கள். அங்கே இருதரப்பு ஆதரவாளர்களும் ஏற்கெனவே ஒரே தெற்கத்திய ஊர்களில், ஒரே மாதிரியான எண்ணத்தோடு இருந்தவர்கள். வேலைநிறுத்தங்களாலும் வன்முறையாலும் நாடு கலங்கியிருந்த நேரம். கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி இடப்பக்கம் சாய்ந்துவிட்டது என்று கோபப்பட்டவர்களுக்கு ஒதுங்க வேறு இடமும் இல்லை. 1976 தேர்தலில் சரிவு வந்ததும் அந்த அணியின் நாடாளுமன்ற உறுப்பினர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வெளியேறித் தனிக்கட்சி தொடங்கினார்கள். 1979-இல் அவர்களுக்குக் கிடைத்தது 0.6 சதவீதம், ஒரு இடம்கூட இல்லை. அவர்கள் விட்டுவந்த கட்சிக்கு 5.3.